எந்தச் செடி எங்கே வளரும், ஏன்? மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குன்னூரில் இருக்கிறேன். விடுமுறை நாட்களில் மலைக்கு வரும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் காடு, புல்வெளி என்று நடக்க அழைத்துப் போவது என் வழக்கம். போகிற வழியில் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார்கள். ஆண்டுக்கணக்காகக் கேட்டால் கேள்விகள் திரும்பத் திரும்ப வரும் என்பது தெரிந்துவிடும். அவற்றையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் நீலகிரியை வைத்துத்தான் பேசியிருக்கிறேன். தேவைப்பட்ட இடத்தில் பிச்சாவரத்துக்கும் கோவில்பட்டிக்கும் இறங்கியிருக்கிறேன்.

கீழே பாக்குத் தோப்பு, மேலே கேரட் தோட்டம். நடுவில் என்னதான் மாறுகிறது?

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரம். ஊட்டி நிலையம் சுமார் 2,200 மீட்டர். 46 கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏறுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் தோராயமாக 6 முதல் 6.5 டிகிரி வரை குறையும். அப்படியென்றால் ஊட்டி, மேட்டுப்பாளையத்தைவிட ஏறத்தாழ 12 டிகிரி குளிர்ச்சி.

அந்த 12 டிகிரிக்குள் செடிகள் எப்படி மாறுகின்றன என்று ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாலே தெரியும். கல்லாறு வரை பாக்கு, தென்னை, வாழை. கல்லாறிலும் பர்லியாரிலும் அரசுப் பழப்பண்ணைகள் இருக்கின்றன. அங்கே மங்குஸ்தானும் துரியானும் காய்க்கின்றன. இரண்டுமே தென்கிழக்கு ஆசியாவின் ஈரக் காடுகளிலிருந்து வந்தவை. வெயில் கொளுத்தவும் கூடாது, குளிர் கடிக்கவும் கூடாது, காற்றில் ஈரம் குறையவும் கூடாது. மலையின் அடிமடியில் அந்த மூன்றும் ஒன்றாக அமைந்த இடம் அது. அதே பழத்தை மேட்டுப்பாளையம் ஊருக்குள்ளோ குன்னூரிலோ விளைவிக்க முயன்றால் கைகூடாது. கொஞ்சம் கீழே இறங்கினால் வறட்சி, கொஞ்சம் மேலே ஏறினால் குளிர்.

அப்புறம் செங்குத்தான காட்டுச் சரிவு. குன்னூர் நெருங்க நெருங்கத் தேயிலை. கேத்திப் பள்ளத்தாக்கு வந்ததும் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ். தேயிலையும் கேரட்டும் மனிதர் நட்டவைதான். ஆனால் எதை எங்கே நட வேண்டும் என்று மனிதருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தந்த உயரத்தின் குளிர்.

குளிர் இருந்தால் மரம் மெதுவாக வளரும், அவ்வளவுதானே? ஏன் வளரவே மாட்டேன் என்கிறது?

இதற்கு என் வீட்டுக் கதையே போதும். சேலத்திலிருந்து ஆசையாக ஒரு மாங்கன்று கொண்டுவந்து குன்னூரில் நட்டேன். கன்று செத்துப்போகவில்லை. இலை விட்டது, ஆளுயரம் வளர்ந்தது. பூவும் எடுத்தது. பூ எடுத்த வாரத்தில் பனிமூட்டம் இறங்கி, பூங்கொத்து முழுவதும் கறுத்து உதிர்ந்தது. மறுவருடமும் அதே கதை. ஒரு செடி உயிரோடு இருப்பது வேறு, பூத்துக் காய்த்து விதை போட்டுத் தன் வம்சத்தை நிறுத்துவது வேறு. காட்டில் ஒரு மரம் "இங்கே வளர்கிறது" என்று நாம் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். வாழ்க்கையின் ஏதாவது ஒரு கட்டத்தில், முளையிலோ பூவிலோ பிஞ்சிலோ, இடம் ஒத்துவராவிட்டால் போதும், அந்த மரம் அந்த ஊரில் இருக்காது.

எதிர்த்திசையிலும் இது உண்டு. நீலகிரியில் பேரிக்காயும் பிளம்ஸும் விளைகின்றன. அவற்றுக்குக் குளிர்காலத்தில் இத்தனை மணி நேரம் குளிர் பட்டால்தான் மொட்டு ஒழுங்காக அவிழும். மேட்டுப்பாளையத்தில் நட்டால் இலையாக நிற்கும், காய்க்காது. மாமரத்துக்கு எது தடையோ அதுவே பேரிக்குத் தேவை.

மசினகுடி முழுக்க முள்காடு, கூடலூர் பக்கம் பச்சைப்பசேல். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்தானே?

ஆமாம், இரண்டும் சுமார் ஆயிரம் மீட்டர்தான். இங்கே உயரம் ஒன்றும் செய்யவில்லை, காற்று வரும் திசைதான் எல்லாம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். தேவாலா, கூடலூர், மேல்பவானி, அவலாஞ்சி எல்லாம் அந்த அடி வாங்கும் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சமவெளியில் பல ஊர்களுக்கு ஒரு வருட மழையே அவ்வளவுதான்.

மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் மிச்சமில்லை. இறங்கும்போது சூடாகவும் ஆகிறது. மசினகுடி, மாயாறு பள்ளம் அந்த மழைமறைவுப் பக்கம். முதுமலையை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தால் ஆண்டு மழை சுமார் 1,800 மில்லிமீட்டரிலிருந்து 600 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. அதற்கேற்ப ஈர இலையுதிர் காடு, தேக்கும் வெக்காலியும் கருமருதும் நிற்கும் வறண்ட இலையுதிர் காடு, கடைசியில் முள்காடு என்று வரிசையாக மாறிக்கொண்டே போகும். கோடு கிழித்தாற்போல் மாறாது. முதலில் மரங்கள் குட்டையாகும், பிறகு இடைவெளி கூடும், பிறகு இலைகள் சிறுக்கும், பிறகு முள் வரும். காரில் அரைமணி நேரம்.

அப்படியானால் ஓர் ஊரின் மொத்த மழையளவு தெரிந்தால் அங்கே என்ன காடு என்று சொல்லிவிடலாமா?

முடியாது. இதைத்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வேன். செடிக்குச் சராசரி தெரியாது. எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைவிட எத்தனை மாதம் பெய்யவில்லை என்பதுதான் அதற்கு முக்கியம். ஆண்டின் சராசரி வெப்பத்தைவிட மிகக் குளிர்ந்த இரவு எவ்வளவு குளிர்ந்தது என்பதுதான் முக்கியம். மிக மோசமான நாளைத் தாண்டியவர்கள்தான் அங்கே குடியிருக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையையே பாருங்கள். தெற்கே அகத்தியமலைப் பக்கம் மழையில்லாத மாதங்கள் இரண்டு மூன்றுதான். வடக்கே மகாராஷ்டிரத்துக்குப் போகப் போக அது ஏழெட்டு மாதம் வரை நீளும். அங்கே பருவமழை கொட்டும் நாட்களில் தெற்கைவிட அதிகமாகக்கூடக் கொட்டும். ஆனாலும் தெற்கில் இருக்கும் பசுமைமாறாக் காட்டு மரங்களில் பல, வடக்கே போகப் போக ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன. நான்கு மாதத்தில் மொத்தமாகக் கொட்டும் 5,000 மில்லிமீட்டர், மீதி எட்டு மாதத்துக்குத் தாகம் தீர்க்காது.

நம் சோழமண்டலக் கரை இதற்கு நல்ல உதாரணம். வேதாரண்யம், புதுச்சேரி பக்கமுள்ள கோயில் காடுகளில் வீரை, காசா, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் ஆண்டு முழுதும் இலையோடு நிற்கின்றன. மழையோ பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் முடிந்துவிடும். இவ்வளவு நீண்ட வறட்சியில் இலையுதிர் காடுதானே இருக்க வேண்டும்? அந்த இலையை ஒருமுறை கையில் எடுத்து மடித்துப் பாருங்கள். தோல் மாதிரி தடிப்பு, மேலே மெழுகு பூசிய மினுமினுப்பு. விரலில் விறைப்பாக நிற்கும். நீரை அவ்வளவு எளிதில் விட்டுவிடாத இலை. கடற்காற்றின் ஈரமும் கைகொடுக்கிறது. மரங்கள் உயரமாகப் போகாமல், நெருக்கமாக, குட்டையாக நின்று தங்கள் நிழலைத் தாங்களே காத்துக்கொள்கின்றன. இன்று இந்தக் காடு பெரும்பாலும் ஐயனார் கோயில்களைச் சுற்றித் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அவற்றுக்குள் நுழைந்தால் வெளியே கொளுத்தும் வெயில் சட்டென்று விலகிப்போகும்.

ஊட்டிக்கு மேலே பள்ளத்தில் மட்டும் காடு, மேடெல்லாம் வெறும் புல். காட்டை வெட்டியதால் வந்த புல்வெளியா இது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்கிறவர்கள் கொஞ்சம் வருத்தத்தோடுதான் கேட்பார்கள். வெட்டப்பட்ட காடு என்றே பலரும் நினைக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்து "தரிசு" என்று எழுதிவைத்தார்கள்.

பள்ளத்து மடிப்புகளில் இருக்கும் குட்டைக் காட்டைச் சோலை என்கிறோம். அதைச் சூழ்ந்து மேடெல்லாம் புல்வெளி. சுமார் 1,700 மீட்டருக்கு மேல் நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில் இந்த இரட்டை அமைப்பு உண்டு. சோலைக்குள் போனால் மரங்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். அடிமரம் முழுக்கப் பாசி, ஆர்க்கிட், பெரணி. புதுத்தளிர் சிவப்பாக வரும். தரையில் இலைச்சருகு அரை அடிக்கு மெத்தென்றிருக்கும். கையை விட்டால் ஏப்ரலில்கூட ஈரம்.

ஒரு ஜனவரி விடியலில் தலைகுந்தா பக்கம் ஒரு சோலை விளிம்பில் பிள்ளைகளோடு நின்றிருந்தேன். புல்வெளி முழுக்க வெள்ளை. நடந்தால் காலடியில் புல் நொறுங்கியது. வெளியே முளைத்திருந்த ஒரு காட்டுநாவல் கன்றின் இலைகள் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கின. நாலடி தள்ளி, மரக்கூரைக்குக் கீழே, அதே வயதுக் கன்று ஒன்று பச்சையாக நின்றது. அன்றைக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சிறுமி இரண்டு இலைகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேகமில்லாத இரவில் திறந்த தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். மரக்கூரை அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும். சோலை மரங்கள் பெரும்பாலும் வெப்பமண்டல வம்சத்தவை. பெரிய மரமாகிவிட்டால் சமாளிக்கும், கன்றாக இருக்கும்போது உறைபனியைத் தாங்காது. ஆகவே சோலை தன் நிழலுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், வெளியே கால்வைக்க முடியாது. புல்லோ, மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். உறைபனி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். மேட்டில் மண் ஆழம் குறைவு, காற்று கடுமை, இடையிடையே தீ, தோடர்களின் எருமை மேய்ச்சல் என்று பலவும் சேர்ந்துதான் இந்த எல்லையை வைத்திருக்கின்றன.

இப்போது வெட்டப்பட்ட காடா என்ற கேள்விக்கு வருகிறேன். நீலகிரிச் சதுப்புகளின் அடியில் மட்கிய செடிகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. மரங்களும், வெப்பநாட்டுப் புற்களில் பலவும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் முறை வேறு வேறு. அந்த வித்தியாசம் மட்கிய பிறகும் கரியணுக்களின் எடையில் பதிந்திருக்கும். இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததைக் காட்டியது. வறண்ட காலங்களில் புல் விரிந்தது, ஈரமான காலங்களில் சுருங்கியது. கோடரி வருவதற்கு முன்பே இருந்த புல்வெளி இது. யாரும் அழித்து உண்டாக்கியதில்லை.

புல்வெளியோ என்னவோ, அங்கே மரம் நட்டால் நல்லதுதானே?

நல்லதில்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆஸ்திரேலியாவின் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) கொண்டுவந்து இந்தப் புல்வெளிகளில் நட்டார்கள். முதலில் விறகுக்காக, பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும். சீகைக்கு உறைபனி பெரிதாக உறைக்காது. அதன் விதை மண்ணில் பல ஆண்டு தூங்கும், தீ பட்டால் விழித்துக்கொண்டு கூட்டமாக முளைக்கும். இன்று யாரும் நடாமலேயே பரவுகிறது. புல்வெளிச் செடிகளுக்கு வெயில் வேண்டும். நிழல் விழுந்த அன்றே அவற்றின் கதை முடிகிறது. குறிஞ்சியும் தரை ஆர்க்கிட்களும் போகும், அவற்றை நம்பிய வரையாட்டுக்கும் மேய்ச்சல் போகும். மழைநீரை உறிஞ்சி ஓடைக்கு மெல்ல மெல்ல விடுகிற வேலையையும் இந்தப் புல்வெளிதான் செய்கிறது.

மரம் நடுவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆர்வத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். இடம் பார்த்து நடுங்கள் என்றுதான் கெஞ்சுவேன்.

மண்ணுக்குப் பங்கே இல்லையா?

நிறைய உண்டு. மலையில் குளிரும் மழையும் முந்திக்கொள்வதால் மண் கண்ணில் படுவதில்லை. மழையும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் சமவெளியில் மண் முன்னால் வந்துவிடும்.

கோவில்பட்டிக் கரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் ஊறி உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிக்கும்போது மென்மையான வேர்கள் அறுந்துபோகும். பருத்தியும் சோளமும் கருவேலமும் அதற்கு ஈடுகொடுக்கும். நிலக்கடலை திணறும். ஏனென்றால் கடலைப்பூ வாடிய பிறகு அதிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் காய் பிடிக்க வேண்டும். பொலபொலவென்ற செம்மண்ணில் விழுது சுகமாக இறங்கும், இறுகிய களியில் முட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் தெற்கே தூத்துக்குடித் தேரிக்குப் போனால் செக்கச்சிவந்த மணல்மேடு. பெய்த மழை நின்று பேசாமல் கீழே இறங்கிவிடும், காற்று மணலையே நகர்த்தும். அங்கே பனையும் உடையும் நிற்கின்றன.

பிச்சாவரத்தில் உப்புத் தண்ணீரில் மரம் வளர்கிறதே, அது எப்படி?

உப்பு, மூச்சு, கன்று என மூன்று சிக்கல்கள். வெண்கண்டல் மரம் உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். வெயில் நாளில் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் அதன் வேர்கள் பென்சில் நட்டுவைத்தாற்போல் மேல்நோக்கி எழுந்து மூச்சு விடும். சுரபுன்னையோ ஊன்றுகோல் மாதிரி வேர்களை வளைத்து ஊன்றி நிற்கும். அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட முருங்கைக்காய் போலாகி, பிறகு விழும். அலை இழுக்கும் சேற்றில் மெதுவாக முளைவிட அவகாசமில்லை.

இங்கேயும் வரிசை உண்டு. வாய்க்கால் ஓரமாகச் சுரபுன்னை, உள்ளே தள்ளி உப்பு கூடிய இடத்தில் வெண்கண்டல். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

ஒரு சின்ன நிலைமை மாறினால் என்ன ஆகும் என்பதையும் பிச்சாவரம் காட்டியது. முன்பு பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து உள்வாங்கித் தொட்டி மாதிரி பள்ளமானது. ஏற்றத்தில் வந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. உப்பைத் தாங்கும் மரங்களுக்கே தாங்கமுடியாத உப்பு. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டியது. நீர் வந்து போக வழி கிடைத்ததும் உப்பு இறங்கியது, நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. உரமும் மருந்தும் போட்டு வந்ததில்லை, தண்ணீர் நடமாட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததால் வந்த காடு.

எந்தெந்தச் செடி எங்கே என்பது புரிகிறது. ஓர் இடத்தில் நூறு வகை, இன்னோர் இடத்தில் ஆயிரம் வகை இருப்பது ஏன்?

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டுக் கணக்கெடுத்து வருகிறார்கள். அங்கே மர வகைகள் சுமார் 70. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அதே 50 ஹெக்டேரில் சுமார் 300. போர்னியோவில் லம்பிர் காட்டில் 52 ஹெக்டேரில் 1,100க்கும் மேல்.

லம்பிரில் வறண்ட பருவம் என்று சொல்லும்படி ஒன்றில்லை. முதுமலையில் ஆண்டில் பாதி வறட்சி, அதோடு தரைத்தீ, யானை. அந்தத் தேர்வில் தேறுகிறவர்கள் குறைவு. தேறியவர்கள் ஏராளமாக இருப்பார்கள். தேக்கும் வெக்காலியும் எங்கே பார்த்தாலும் நிற்பது அதனால்தான். நிலைமை கடுமையாக இல்லாத இடத்தில் ஆயிரம் வகைகளும் நுழைய முடிகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் அதற்கென்றே பூச்சியும் பூஞ்சையும் இருப்பதால், தாய்மரத்தின் காலடியில் விழுந்த கன்றுகளைவிடத் தள்ளி விழுந்தவை அதிகம் பிழைக்கின்றன. அந்த இடைவெளியில் வேறொரு வகை வந்து நிற்கும். ஈரக்காட்டில் பூஞ்சைக்கும் ஓய்வில்லை என்பதால் இந்தக் கலப்பு இன்னும் கூடுகிறது.

காலமும் சேர வேண்டும். பனியுகங்களில் அழியாமல் நிலைத்த காட்டில் வகைகள் சேர்ந்துகொண்டே போகும்.

உலகத்தில் வேறெங்குமே இல்லாத செடிகள் இந்த மலையில் மட்டும் எப்படி?

காசித்தும்பையின் முற்றிய காயைத் தொட்டிருக்கிறீர்களா? பட்டென்று வெடித்துச் சுருளும், விதை தெறிக்கும். தெறித்தால் எவ்வளவு தூரம்? ஒன்றிரண்டு மீட்டர். இப்படி ஒரு செடி நீலகிரியின் ஈரப்பாறையில் இருந்தால், பாலக்காட்டுக் கணவாயின் 30 கிலோமீட்டர் வெப்பச் சமவெளியைத் தாண்டி ஆனைமலைக்கு எப்படிப் போகும்? போகாது. அங்கே ஒரு கூட்டம், இங்கே ஒரு கூட்டம் என்று பிரிந்து, காலப்போக்கில் வேறு வேறு இனங்களாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காசித்தும்பை இனங்களில் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. குளிர்ந்த உச்சி என்பது வெப்பக்கடல் சூழ்ந்த தீவு மாதிரி.

நேர்மாறாக, புல்வெளியில் ரத்தச்சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசை (ரோடோடென்ட்ரான்) பாருங்கள். அதன் நெருங்கிய உறவினர்கள் ஒருபுறம் இமயமலையில், இன்னொருபுறம் இலங்கையின் மலைநாட்டில். நடுவில் எங்கும் இல்லை. பூமி குளிர்ந்திருந்த காலத்தில் இடைப்பட்ட மலைகளிலும் இருந்து, சூடேறியபோது உச்சிகளில் மட்டும் மிஞ்சியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. உறைபனியைத் தாங்கும் மரம் என்பதால்தான் சோலையை விட்டு வெளியே வந்து புல்லுக்கு நடுவே தனியாக நிற்கிறது.

சங்க இலக்கியத்தின் திணைகளும் இதுவும் ஒன்றா?

ஒன்று என்று சொல்ல முடியாது, உறவு உண்டு. நிலத்துக்கு ஒரு பூவின் பெயரை வைத்தார்களே, அதிலேயே எந்த நிலத்தில் எது வளரும் என்ற கவனிப்பு இருக்கிறது. எனக்குப் பெரிதாகப் படுவது பாலை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. நிலத்தின் முகம் நிலையானதில்லை, வெயிலும் மழையும் மாறினால் அதுவும் மாறும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. குறிஞ்சியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006, 2018 முடிந்தன. அடுத்தது 2030.

உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மட்டும் எப்படி எல்லா இடத்திலும் நிற்கின்றன?

எல்லா இடத்திலும் இல்லை. உறைபனி விழும் புல்வெளியில் சீமைக்கருவேலத்தைப் பார்க்க முடியாது. தங்களுக்கு ஒத்த வெப்பமும் வறட்சியும் இருக்கும் இடத்தில்தான் அவையும் பரவுகின்றன. சொந்த ஊரில் அவற்றைக் கட்டிப்போட்ட பூச்சிகளும் நோய்களும் கூட வரவில்லை என்பதுதான் வித்தியாசம். சீமைக்கருவேல நெற்றை ஆடுமாடு தின்று, சாணத்தோடு விதையைத் தோட்டம் தோட்டமாகப் போடும். உண்ணிப்பழத்தைப் பறவைகள் சுமக்கும், இலையை ஆடுமாடு அவ்வளவாகச் சீண்டாது. நாம் வெட்டியும் மேய்த்தும் திறந்துவிட்ட நிலம் வேறு தயாராக இருந்தது.

பூமி சூடாகிறது என்கிறார்களே. செடிகள் மலைமேல் ஏறிவிடுமா?

ஏறக்கூடியவை ஏறும். உறைபனி இரவுகள் குறைந்தால் மரங்களும் களைகளும் புல்வெளிக்குள் வருவது எளிதாகும். ஆனால் உச்சியில் இருப்பவை எங்கே ஏறும்? தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கு மேல் வானம். காசித்தும்பையைச் சொன்னேனே, அதற்கு இறங்கிப் போய் அடுத்த மலை ஏறவும் வழியில்லை. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராத இரவுகள் உண்டு. இருக்கிற புல்வெளியையும் சோலையையும் சீகையிடமிருந்து மீட்டு வைப்பதுதான் இப்போது நம் கையில் இருக்கும் வேலை. அதைச் செய்கிறவர்கள் மலையில் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் நேரில் பார்க்க எப்போது வரலாம்?

உறைபனிக்கு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, விடிவதற்கு முன். எட்டு மணிக்கு எழுந்து வந்தால் ஒன்றும் இருக்காது. காட்டுப்பூவரசும் அந்தக் குளிர்மாதங்களில் பூக்கத் தொடங்கிவிடும்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரோடு கிளம்புவீர்கள். ஜன்னலைத் திறந்தே வையுங்கள். கற்பூர மரவாசம் போய், சருகு வாசம் வந்து, முகத்தில் படும் காற்று வறண்டுபோகிற அந்த வளைவில் வெளியே பாருங்கள், முதல் முள்மரம் அங்கேதான் நிற்கும்.